லாங்கொத்லன் கால்வாயில் ஒரு வாரம்: படகுப் பயணக் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையிலான எல்லைப் பகுதியில் ஓடும் லாங்கொத்லன் கால்வாயில், நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான நீளப் படகை வாடகைக்கு எடுத்து நானும் என் குடும்பத்தாரும் ஐந்து முறை சென்று வந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தைக் கொண்டு உங்கள் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்குக் கார் ஓட்ட மட்டுமே தெரியும். படகு ஓட்ட உரிமம் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வாடகைக்குக் கொடுப்பவர்களே புறப்படும் நாளில் கற்றுத் தருவார்கள். பின்புறம் நின்றுகொண்டு சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும்; கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது பிடிபட அரை நாள் ஆகும். பிரிட்டனின் சாலையில் இடப்பக்கம் செல்கிறோம். நீரிலோ வலப்பக்கம் ஒதுங்கியே எதிர்ப்படகுக்கு வழிவிட வேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது சுக்கான் ஏறக்குறைய வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வாரத்தில் கால்வாய் முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியுமா என்பதைவிட வேண்டுமா என்று யோசியுங்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே செல்வீர்கள். ஆழமில்லாத நீரில் எஞ்சினை முடுக்கினால் படகின் பின்புறம் தாழ்ந்து, அலை எழும்பிக் கரை அரிக்கப்படுமே தவிர வேகம் கூடாது. தவிர, டீ ஆற்றின் நீர் ஹார்ஸ்ஷூ அணையிலிருந்து இக்கால்வாய் வழியாக ஹர்ல்ஸ்டன் குடிநீர்த் தேக்கத்துக்குச் செல்வதால், லாங்கொத்லன் ஊரை நோக்கிப் போகும்போது நீரோட்டத்தை எதிர்த்தே போகிறோம். 1944இல் படகுப் போக்குவரத்துக்குச் சட்டப்படி மூடப்பட்ட இந்தக் கால்வாய் தூர்ந்து போகாமல் பிழைத்ததே அந்தக் குடிநீர்த் தேவையால்தான். ட்ரெவர் என்னும் ஊரிலிருந்து லாங்கொத்லன் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். அதை அவசரமின்றி அனுபவியுங்கள்.

கேள்வி: உயரமான தொட்டிப்பாலத்தைக் குழந்தைகளுடன் கடப்பது பாதுகாப்பானதா?

பதில்: பொன்ட்கசல்த்தே பாலத்தைக் கேட்கிறீர்கள். நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. அங்கே பாசன நீர் மட்டும் ஓடுகிறது, இங்கே நீரோடு படகும் போகிறது. பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805இல் திறக்கப்பட்ட இப்பாலம், டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டியைத் தாங்கி நிற்கிறது. 2009 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம். நடைபாதை உள்ள பக்கத்தில் கம்பி வேலி உண்டு. மறுபக்கத்தில் வேலி கிடையாது, தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் சில அங்குலமே நிற்கும். ஆகவே குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை அணிவித்து, படகின் உள்ளே ஒரு பெரியவருடன் அமர வையுங்கள். சன்னல் வழியாகக் கீழே ஆற்றைக் கண்டு என் மகள் பேச்சற்றுப் போன அந்த நிமிடத்துக்காகவே நான் மீண்டும் மீண்டும் அங்கே போகிறேன்.

கேள்வி: நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் லாக் என்னும் மதகுத் தொட்டிகளில் எதற்கு அஞ்ச வேண்டும்?

பதில்: சர்க் ஊரிலிருந்து லாங்கொத்லன் வரை லாக் ஏதுமில்லை, முதல் பயணத்துக்கு அந்தப் பகுதியையே பரிந்துரைப்பேன். கிழக்கே போனால் நியூ மார்ட்டனில் இரண்டும், கிரிண்ட்லி புரூக்கில் ஆறும் வரும். இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். மேல் கதவின் அடியில் ஒரு கல் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நீர் வடியும்போது படகின் பின்புறம் அதன்மேல் மாட்டிக்கொண்டால், முன்புறம் மட்டும் தாழ்ந்து சில நிமிடங்களில் படகே மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோட்டால் குறித்திருக்கும் இடத்தைத் தாண்டி முன்னால் நிறுத்துங்கள். மதகைத் திறப்பவரின் கண் படகை விட்டு அகலக்கூடாது. சிறு ஐயம் எழுந்தாலும் உடனே மதகை மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: சைவம் மட்டுமே உண்ணும் பெற்றோருடன் வருகிறோம். கரையோர உணவகங்களை நம்பலாமா?

பதில்: இரவு உணவுக்கு நம்பலாம், ஆனால் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள். கால்வாய்க் கரையில் உள்ள பப்களில் பெரும்பாலும் ஒன்பது மணிக்குள் சமையலறையை மூடிவிடுவார்கள். வாடகைப் படகை இருட்டிய பின் ஓட்டக்கூடாது என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே நடைபாதைப் பக்கம் ஆணி அடித்துப் படகைக் கட்டிவிட்டு, கைவிளக்குடன் நடந்து போய்ச் சாப்பிடுவதே முறை. லாங்கொத்லனில் பழைய ஆலையொன்றில் நடக்கும் கார்ன் மில் உணவகத்தில், டீ ஆற்றின்மேல் நீண்டிருக்கும் மரத்தளத்தில் அமர்ந்து உண்பது எங்கள் வழக்கம்.

காலையிலும் மதியத்திலும் படகிலேயே சமையுங்கள். எரிவாயு அடுப்பு இருக்கிறது. ரசம் சாதத்துக்கு அது போதும். குளிர்கிறது என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்க மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். மூடிய படகில் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் அது மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.