மலாயா என்றொரு போர்க்கப்பல்

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜட்லாண்ட் கடற்போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்றின் பெயர் 'மலாயா' என்று ஒரு வரி வருகிறது. என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் உழைப்பில் வெள்ளைக்காரன் ஒரு கப்பல் கட்டிக்கொண்டான் என்று அடிக்கடி சொல்வார். கதை விடுகிறார் என்று நாங்கள் சிரிப்போம். அது உண்மையா? ராணுவ வரலாறு படிக்கும் என் நண்பரிடம் கேட்டேன். அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல்கள் எல்லாமே வீண் செலவு, விமானம் வந்ததும் செல்லாக்காசாகிவிட்டன என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஈப்போ

*

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா கதை விடவில்லை. 'மலாயா'வைக் கட்டப் பணம் கொடுத்தவை பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு மாநிலங்கள். அன்று அவற்றை இணைந்த மலாய் மாநிலங்கள் என்பார்கள். 1912இல் கூட்டாட்சி மன்றத்தில் பேராக் சுல்தான் இட்ரிஸ் முன்மொழிய, தீர்மானம் நிறைவேறியது. ஏறத்தாழ 29 லட்சம் பவுண்டு. ஆவணங்கள் இதை அன்பளிப்பு என்றே குறிப்பிடுகின்றன. அந்த மன்றத்தில் தலைமை நாற்காலி பிரிட்டிஷ் ஹைகமிஷனருடையது. பரிசு வாங்கிக்கொள்பவரே கூட்டத்துக்கும் தலைமை தாங்கினால், வேண்டாம் என்று யார் சொல்வது?

கணக்கில் கறாராக இருப்பதென்றால், அன்றைய கருவூலத்தில் ரப்பரைவிட ஈயத்துக்கே பெரிய பங்கு. ஈயத்தின் மீதான ஏற்றுமதி வரி, ரயில் வருமானம், அபின் வருமானம் இவைதான் முக்கிய வரவுகள். சுரங்கத்தில் சீனர்கள், ரயில்பாதையிலும் தோட்டத்திலும் தமிழர்கள். அந்த மன்றத்தில் ஓர் இந்தியர் உட்கார 1928 வரை ஆயிற்று. ஆகவே உங்கள் தாத்தாவின் கணக்கில் சில்லறைத் தவறு இருக்கலாம், மொத்தத்தில் தவறில்லை.

இனி உங்கள் நண்பர். அவர் எல்லாப் போர்க்கப்பல்களையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார், அதுதான் எனக்கு உடன்பாடில்லை. 'மலாயா' குவீன் எலிசபெத் வகையைச் சேர்ந்த கப்பல். இந்த வகையில் மொத்தம் ஐந்து: குவீன் எலிசபெத், வார்ஸ்பைட், வேலியண்ட், பார்ஹாம், மலாயா. 1912ஆம் ஆண்டுத் திட்டத்தில் நான்குதான் இருந்தன, மலாய்ப் பணம் வந்ததால் ஐந்தாவது சேர்ந்தது.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 15 அங்குலப் பீரங்கியிலேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுவையான கதைதான். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், வரைபடத்தில் மட்டுமே இருந்த ஒரு பீரங்கியை நம்பிக் கப்பல்களுக்கு உத்தரவு கொடுத்தார். ஒரே ஒரு பீரங்கியை மட்டும் மற்றவற்றுக்குச் சில மாதம் முன்னதாக அவசரமாக வார்த்துச் சோதித்தார்கள். அது சொதப்பியிருந்தால் ஐந்து கப்பல்களும் சிக்கலில் மாட்டியிருக்கும், சர்ச்சிலின் அரசியல் வாழ்வும்தான். பீரங்கி அருமையாக அமைந்தது. ஒரு குண்டின் எடை 871 கிலோ.

ஆனால் இதே பீரங்கி பிறகு வந்த ரிவெஞ்ச் வகைக் கப்பல்களிலும் இருந்தது. அவற்றை யாரும் கொண்டாடுவதில்லை. வேறுபாடு பீரங்கியில் இல்லை, பீரங்கியை வைத்து மிச்சம் பிடித்த இடத்தில் இருக்கிறது.

இதற்கு முந்தைய அயர்ன் டியூக் வகையில் பீரங்கிகளைத் தாங்கித் திரும்பும் ஐந்து சுழல்மேடைகள், மேடைக்கு இரண்டாகப் பத்துப் பீரங்கிகள், விட்டம் 13.5 அங்குலம். பத்தும் சேர்ந்து ஒரு முறை சுட்டால் சுமார் 6.3 டன் இரும்பு பறக்கும். புதிய பீரங்கிகள் எட்டே இருந்தாலும் சுமார் 7 டன். அப்படியானால் நடுவிலிருக்கும் ஐந்தாவது மேடை எதற்கு? அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் எடையையும் கொதிகலன்களுக்குக் கொடுத்தார்கள். கரிக்குப் பதில் முழுக்க எண்ணெய் எரித்தார்கள். அயர்ன் டியூக்கின் எஞ்சின் ஆற்றல் 29,000 குதிரைத்திறன், இதில் 75,000. வேகம் மணிக்கு 21 கடல் மைலிலிருந்து சுமார் 24 கடல் மைலுக்கு உயர்ந்தது. திட்டமிட்டது 25, கட்டி முடிக்கையில் எடை கூடிவிட்டது.

எண்ணெய்க்கு ஒரு விலை இருந்தது. வேல்ஸில் உலகின் முதல்தரக் கரி கிடைத்தது, பிரிட்டனில் எண்ணெய் இல்லை. அதனால் 1914இல் ஆங்கிலோ பெர்ஷியன் ஆயில் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை அரசு வாங்கியது, சுமார் 22 லட்சம் பவுண்டுக்கு. ஈரானின் எண்ணெய்க் கம்பெனியை வசப்படுத்த பிரிட்டன் செலவிட்டதைவிட ஒரு கப்பலுக்கு மலாயா கொடுத்தது அதிகம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஜட்லாண்ட், 1916 மே 31. பிரிட்டிஷ் தளபதி எவான் தாமஸின் தலைமையில் பார்ஹாம், வேலியண்ட், வார்ஸ்பைட், மலாயா நான்கும், இன்னொரு பிரிட்டிஷ் தளபதியான பீட்டியின் வேகக் கப்பல்களுக்கு (பெரிய பீரங்கியும் மெல்லிய கவசமும் கொண்டவை) துணையாகச் சென்றன. குவீன் எலிசபெத் பழுதுபார்க்கும் துறையில் இருந்தது. பீட்டி திரும்பியபோது காட்டிய கொடிச் சைகை தெரியாமல் இவை சுமார் 10 மைல் பின்தங்கிவிட்டன. பிறகு வந்து சேர்ந்து 17 கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுடத் தொடங்கியதும்தான் பீட்டிக்கு மூச்சு வந்தது. வார்ஸ்பைட்டின் சுக்கான் சிக்கிக்கொள்ள, ஜெர்மானியர் கண்ணெதிரே அது வட்டமடித்தது. மலாயாவில் பக்கவாட்டு 6 அங்குலப் பீரங்கித் தளத்தில் வெடிமருந்து பற்றி எரிந்தது. அந்தக் கப்பலில் மட்டும் இறந்தவர்கள் 60க்கும் மேல். ஆனால் நான்கில் ஒன்றும் மூழ்கவில்லை. அதே பிற்பகலில் பீட்டியின் வேகக் கப்பல்களில் இரண்டு வெடித்துச் சிதறியிருந்தன.

போர் முடிந்த பிறகும் இவை வாழ்ந்ததற்குக் காரணம் பணமும் இடமும். வார்ஸ்பைட்டை 1934 முதல் 1937 வரை ஏறக்குறைய உள்ளே காலி செய்து மீண்டும் கட்டினார்கள். 24 கொதிகலன்கள் இருந்த இடத்தில் ஆறு. பீரங்கிகள் 20 பாகைக்குப் பதில் 30 பாகை நிமிர்ந்தன, குண்டு 22 கிலோமீட்டருக்குப் பதில் 29 கிலோமீட்டர் போனது. வேலியண்டுக்கும் குவீன் எலிசபெத்துக்கும் பிறகு அதே வைத்தியம். பார்ஹாமுக்கும் மலாயாவுக்கும் முழு வைத்தியம் கிடைக்கவில்லை. மலாயாவின் பீரங்கிகள் 20 பாகையிலேயே நின்றன.

இதன் விளைவை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 1940 ஜூலை 9, இத்தாலியின் கலாப்ரியா கரைக்கு அப்பால். பிரிட்டிஷ் தளபதி கன்னிங்காமிடம் மூன்று போர்க்கப்பல்கள், மூன்றிலும் ஒரே வகை 15 அங்குலப் பீரங்கிகள். வார்ஸ்பைட் சுமார் 24 கிலோமீட்டரிலிருந்து இத்தாலியின் 'ஜூலியோ செசாரே'யை அடித்தது. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலை இவ்வளவு தொலைவில் அடித்தது மிகமிக அரிது. மலாயாவும் சுட்டது, குண்டுகள் எட்டாமல் கடலில் விழுந்தன. ரிவெஞ்ச் வகையைச் சேர்ந்த ராயல் சாவரின் மெதுவான கப்பல், சுடும் தொலைவுக்கே வந்து சேரவில்லை. உங்கள் நண்பர் 'வீண்' என்ற சொல்லை அந்த மூன்றாவது கப்பலுக்குச் சொல்லட்டும், நான் மறுக்க மாட்டேன்.

பிற்பாடு மலாயாவுக்கும் ஒரு குறி கிடைத்தது, தப்பான குறி. 1941 பிப்ரவரியில் ஜெனோவா நகரைச் சுட்டபோது அதன் குண்டு ஒன்று சான் லோரன்சோ பேராலயத்துக்குள் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. அதை இன்றும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

விமானத்தைப் பற்றி நண்பர் சொல்வது பாதி சரி. தவறான பாதியை முதலில் பார்ப்போம். பார்ஹாமை 1941 நவம்பர் 25 அன்று மூழ்கடித்தது ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். சில நிமிடங்களில் சாய்ந்து வெடித்தது, 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குவீன் எலிசபெத்தையும் வேலியண்டையும் அதே ஆண்டு டிசம்பரில் அலெக்சாண்டிரியா துறைமுகத் தரையில் உட்கார வைத்தவர்கள் ஆறு இத்தாலிய நீச்சல் வீரர்கள். வேலியண்டை 1944 ஆகஸ்டில் முடமாக்கியதோ திருகோணமலையில் அதைத் தாங்கியிருந்த மிதவைத் துறை. அது உடைந்து மூழ்கியது, எதிரி யாரும் பக்கத்திலேயே இல்லை. வார்ஸ்பைட் மட்டும் கிரீட்டிலும் சலேர்னோவிலும் விமானக் குண்டு வாங்கியது. இரண்டு முறையும் தப்பிப் பிழைத்தது, நார்மண்டியில் கரையைச் சுடவும் போனது.

மீதிப் பாதியில் நண்பர் சொல்வது சரி என்பதற்குச் சாட்சி உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது, மலாயாவின் பணத்தில் கட்டிய கப்பல் ஜிப்ரால்டர் படையில் இருந்தது. காக்க வந்தவை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற வேறு இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள். டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால், பணம் கொடுத்த நான்கு மாநிலங்களில் ஒன்றான பகாங்கின் கடலில், ஜப்பானிய விமானங்கள் அவற்றை மூழ்கடித்தன. நம் கப்பல் அப்போது ஏன் இங்கே இல்லை என்று தாத்தா கேட்டிருந்தால் அது நியாயமான கோபம்தான். ஆனால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அந்த ஆண்டுதான் பணிக்கு வந்த கப்பல், மலாயாவைவிட வேகமானது, விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் அதில் அதிகம். மலாயா அங்கே இருந்திருந்தால் மூன்றாவதாக மூழ்கியிருக்கும், அவ்வளவே.

அன்புடன்