எழுதப்படாத மூன்றாவது எழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல மாறிகளின் நுண்கணிதத்தை இந்தப் பருவத்தில்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் பாடமே வெக்டர்களும் (அளவும் திசையும் கொண்டவை) முப்பரிமாண வடிவியலும். 2எக்ஸ் + 3ஒய் = 6 என்பதை முப்பரிமாண வெளியில் வரையச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு நேர்கோடு வரைந்தேன். விடைப் பகுதியில் தளம் என்றிருக்கிறது. சமன்பாட்டில் இசட் இல்லையே, அதனால் அது சுழியம் என்று கொண்டேன். தவறா? இன்னொன்று: இரண்டு வெக்டர்களை ஒரு விதமாகப் பெருக்கினால் எண் வருகிறது, வேறு விதமாகப் பெருக்கினால் வெக்டர் வருகிறது. பெருக்கலுக்கு இரண்டு விதிகள் எதற்கு? காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்ய மனம் ஒப்பவில்லை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

இசட்டைச் சுழியம் என்று கொண்ட இடத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. சமன்பாடு என்பது புள்ளிகளுக்கு வைக்கப்படும் ஒரு நிபந்தனை. 2எக்ஸ் + 3ஒய் = 6 என்ற நிபந்தனை ஒரு புள்ளியின் முதல் இரண்டு ஆயத்தொலைகளை மட்டும் சோதித்துவிட்டு அனுப்பிவிடுகிறது; மூன்றாவதைப் பற்றி அது கேட்பதே இல்லை. (3, 0, 0) அந்தச் சோதனையில் தேறுகிறது. (3, 0, 5), (3, 0, −100) ஆகியவையும் அதே காரணத்தால் தேறுகின்றன. ஆகவே நீங்கள் வரைந்த கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் மேலும் கீழும் எல்லையின்றி நீண்டு, கோடு முழுவதும் நிமிர்ந்த ஒரு சுவராகிவிடுகிறது. உங்கள் விடை அந்தச் சுவர் தரையைத் தொடும் விளிம்பு. அந்த விளிம்பு மட்டும் வேண்டுமென்றால் இசட் = 0 என்ற இரண்டாவது நிபந்தனையையும் சேர்த்து எழுத வேண்டும். தாளில் வட்டமாக இருக்கும் எக்ஸ்² + ஒய்² = 4 வெளியில் முடிவற்ற உருளையாவதும் இப்படித்தான். பாடநூல்கள் இரண்டு வரியில் தாண்டிவிடும் இந்த இடத்தில் நின்று நிதானிப்பது நல்லது என்பேன். பின்னால் தொகையீட்டின் எல்லைகளை எழுதும்போது வரும் குழப்பங்களில் பல இங்கிருந்தே கிளைக்கின்றன.

ஆனால் உங்கள் சுழியம் முழுக்க வீண்போகவில்லை. அது இருக்க வேண்டிய இடம் இசட்டின் குணகம். சமன்பாட்டை 2எக்ஸ் + 3ஒய் + 0இசட் = 6 என்று விரித்து எழுதினால், இடப்பக்கம் (2, 3, 0) என்ற வெக்டருக்கும் புள்ளியின் நிலை வெக்டரான (எக்ஸ், ஒய், இசட்) என்பதற்கும் உள்ள புள்ளிப் பெருக்கமாக, அதாவது ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டிய எண்ணாகத் தெரியும். சுவரின் மீதுள்ள இரண்டு புள்ளிகளை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். இரண்டுக்கும் 6 பொதுவாகையால், கிடைக்கும் வெக்டருக்கும் (2, 3, 0)க்கும் புள்ளிப் பெருக்கம் சுழியம், அதாவது அவை செங்குத்து. சுவரின் மேல் எந்தத் திசையில் நகர்ந்தாலும் (2, 3, 0) அதற்குச் செங்குத்தாகவே நிற்கிறது. அந்த வெக்டருக்கு மேல்நோக்கிய கூறு இல்லாததால்தான் சுவர் சாயாமல் நிமிர்ந்திருக்கிறது.

இரண்டு பெருக்கல்கள் ஏன் என்ற கேள்விக்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது: தொடக்கத்தில் அவை ஒன்றாகத்தான் இருந்தன. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் மனைவியோடு நடந்து போய்க்கொண்டிருந்த வில்லியம் ரோவன் ஹாமில்டன் என்ற கணிதவியலருக்கு, நான்கு கூறுகள் கொண்ட எண்களைப் பெருக்கும் விதி திடீரென்று பிடிபட்டது. அதை அங்கேயே ப்ரூம் பாலத்தின் கல்லில் கீறி வைத்தார். குவாட்டர்னியன் எனப்படும் அந்த எண்களில் தனி எண் பகுதி இல்லாத இரண்டு தூய வெக்டர்களைப் பெருக்கினால், விடையில் ஓர் எண்ணும் ஒரு வெக்டரும் சேர்ந்தே வருகின்றன. அந்த எண் புள்ளிப் பெருக்கத்தின் எதிர்மறை. அந்த வெக்டர் குறுக்குப் பெருக்கம். இயற்பியலுக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகவே தேவைப்பட்டன. ஆகவே அமெரிக்காவில் வில்லர்ட் கிப்ஸும் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடும் 1880களில் ஒருவரையொருவர் சாராமல் அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். உங்கள் பாடநூலில் இருப்பது அந்தப் பிரிவினைக்குப் பிந்தைய வடிவம். முதல் பகுதி இரண்டு திசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்கிறது. இரண்டாவது, இரண்டுக்கும் செங்குத்தான திசையைத் தருகிறது.

இரண்டும் கைகோக்கும் ஒரு கணக்கு: (1, 0, 2), (3, 1, 2), (2, 2, 5) என்ற மூன்று புள்ளிகள் வழியே செல்லும் தளம் எது? முதல் புள்ளியிலிருந்து மற்ற இரண்டுக்கும் செல்லும் வெக்டர்கள் (2, 1, 0), (1, 2, 3). இவை தளத்தில் கிடப்பவை. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் செங்குத்தானது. குறுக்குப் பெருக்கம் (3, −6, 3) என்று வருகிறது. நீளம் இங்கே பொருட்டில்லாததால் 3ஆல் வகுத்து (1, −2, 1) என்று வைத்துக்கொள்ளலாம். இனி வேலை புள்ளிப் பெருக்கத்துக்கு: எக்ஸ் − 2ஒய் + இசட்டின் மதிப்பு முதல் புள்ளியில் 1 − 0 + 2 = 3. தளம் எக்ஸ் − 2ஒய் + இசட் = 3. மற்ற இரண்டு புள்ளிகளையும் இட்டுப் பார்த்தால் 3 − 2 + 2, 2 − 4 + 5, இரண்டும் 3தான்.

பெருக்கும் வரிசையை மாற்றினால் (−3, 6, −3) வரும். தேர்வில் இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. தளத்தின் மறுபக்கம் நோக்கி நிற்கிறீர்கள், தளம் அதேதான்.