போக்கியமா, வாடகையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகின்றன. வேலை கிண்டியில். அந்தப் பக்கம் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கும் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாததால் வடசென்னையில் தேடினோம். இரண்டு வீடுகள் அமைந்திருக்கின்றன. ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில், 7 லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டுப் போக்கியம் (மொத்தப் பணத்தைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, முடிவில் அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு). மற்றது திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், மாத வாடகை 9,500, ஐந்து மாத முன்பணம். கையில் 3 லட்சம் இருக்கிறது. மீதியை மனைவியின் நகையை வைத்துப் புரட்டலாம் என்கிறார் மாமனார். வாடகை போனால் போனதுதான், போக்கியப் பணம் முழுதாகத் திரும்பி வரும் என்பது அவர் வாதம். தங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாமனார் சொல்வது இங்கே தெருவுக்குத் தெரு கேட்கும் வாதம்தான். அதில் வட்டி மட்டும் விடுபட்டுவிடுகிறது. நகைக்கு வாங்கும் 4 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,000 ரூபாய். கையிலிருக்கும் 3 லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் மாதம் 1,750 வந்திருக்கும். ஆக, வாடகையே இல்லாத வீட்டுக்கு நீங்கள் மாதம் 5,750 ரூபாய் கொடுக்கிறீர்கள். அப்படியும் திருவொற்றியூர் வாடகையைவிட 3,750 குறைவுதான். மூன்று ஆண்டுகளில் 1,35,000 மிச்சமாகும். அந்த மிச்சத்துக்காக 7 லட்சத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

போக்கியத்துக்கு வீடு விடுபவர் உண்மையில் உங்களிடம் கடன் வாங்குகிறார். பெண்ணின் கல்யாணத்துக்கோ, மாடி கட்டவோ, பழைய கடனை அடைக்கவோ அந்தப் பணம் வந்த வேகத்தில் செலவாகிவிடும் என்பதால், மூன்றாண்டு முடியும்போது அடுத்த போக்கியக்காரர் வந்து பணம் கட்டினால்தான் உங்கள் பணம் உங்களுக்குக் கிடைக்கும். அவர் வரும்வரை நகை அடகிலேயே இருக்கும், வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே வீட்டின் சமையலறை மேடையையும் காற்றோட்டத்தையும் பார்ப்பதற்கு முன் வீட்டுக்காரரின் கடன் நிலையைப் பாருங்கள்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள போக்கியத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிக்கொண்டால் போதும் என்று தரகர் சொல்வார். பதிவுச் செலவுக்கு அஞ்சி இரு தரப்பும் தலையாட்டிவிடும். அந்தத் தாளை வைத்துக் கடனைக் கேட்டு வழக்குப் போடலாமே தவிர, வீட்டின் மீது உங்களுக்குப் பிடி இராது. வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்து, தவணை நின்று, வாராக்கடனுக்காக அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் ஏலத்துக்கு வந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது வீட்டின் மீது பதிவாகியுள்ள விற்பனை, அடமான விவரங்களை, கட்டணமின்றிப் பார்க்கலாம் என்றாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூலப் பத்திரத்தைத் தனியார் வட்டிக்காரரிடம் கொடுத்து வாங்கிய கடன் வில்லங்கத்தில் தெரியாமலே போகலாம். எனவே மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். "லாக்கரில் இருக்கிறது" என்ற பதில் இரண்டாம் முறையும் வந்தால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள்.

பதிவுக்கு இசைகிற வீட்டுக்காரரும், கடன் வாங்காத சொந்தப் பணமும் இருந்தால் போக்கியம் நல்ல ஏற்பாடுதான். உங்களுக்கு இரண்டாவது இல்லை. முதலாவது பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதனால் திருவொற்றியூரைத்தான் சொல்வேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ, தேரடியிலிருந்து வண்டி மாறாமல் கிண்டிக்குக் கொண்டுபோய் விடும். (ஆடித் தள்ளுபடிக் காலத்தில் பழைய வண்ணாரப்பேட்டையின் ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டைத் தாண்டிப் போகும் வேதனையும் மிச்சம்.) குறைகள் இல்லாமலில்லை. காற்று திசை மாறினால் மணலித் தொழிற்சாலைகளின் நெடி வரும். கடலோரமாதலால் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கக்கூடும். குடிநீர் வாரியக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, கோடையில் லாரியை நம்ப வேண்டியிருக்கிறதா என்பதைத் தரகரிடம் கேட்காமல் கீழ் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

முன்பணத்தைக் குறைத்துப் பேச இடமிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஐந்து மாதத்துக்கு நீங்களே கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அரசு தரும் இலவச யூனிட்டுகள் உங்களுக்கே வரும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் யூனிட்டுக்குச் சொல்கிற விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.