பி.பார்ம் இடத்துக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நீட் மதிப்பெண் மருத்துவத்துக்குப் போதவில்லை; மருந்தியல் படிக்க விரும்புகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு அருகில் தொடங்கிய தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, இந்த வாரத்துக்குள் 50,000 ரூபாய் கட்டினால்தான் பி.பார்ம் இடம் உறுதி என்கிறார். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் பார்ம்.டி. என்ற ஆறு ஆண்டு மருந்தியல் படிப்பிலேயே சேர்க்கலாம், பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். அரசுக் கலந்தாய்வு வரை காத்திருப்பதா, பணத்தைக் கட்டிவிடுவதா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருங்கள்.

நீட் கைவிட்டதும் அரசு வழியே முடிந்துவிட்டதாகப் பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். வீடு தேடி வரும் முகவர்களுக்கு அந்த நினைப்புதான் மூலதனம். தமிழ்நாட்டில் பி.பார்ம், பார்ம்.டி. இரண்டுக்குமே நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை தயாராகிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு கலந்தாய்வை நடத்துகிறது. 69 விழுக்காடு இடஒதுக்கீடு இதற்கும் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கலந்தாய்வில் நிரப்பப்படுபவை அரசுக் கல்லூரி இடங்கள் மட்டுமல்ல. தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் அதில் வருகின்றன, அவற்றுக்குக் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகையைத்தான் வாங்க வேண்டும். ஆகவே, இன்று முன்பணம் கேட்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்குமானால், அதே வகுப்பறையில் அதைவிடக் குறைந்த கட்டணத்தில் உங்கள் மகள் உட்காரக்கூடும். பொறியியல் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் வேளையிலும் இந்தக் கலந்தாய்வு பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பதற்றம் வருவது இயல்புதான். பதற்றத்தில் பணம் கட்டுவதும், அதைவிட மோசமாக, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாகக் கொடுத்துவிடுவதும்தான் பிறகு வருத்தம் தருபவை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருப்பது உண்மை. ஆனால் அறிவிப்பைக் காட்டிச் சான்றிதழை மீட்க எத்தனை முறை அலைய வேண்டியிருக்கும் என்பதைக் கல்லூரி அலுவலகங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அடுத்து, அந்தக் கல்லூரிக்கு மூன்று வயதுதான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குற்றமில்லை, ஆனால் சில விவரங்களைக் கேட்டாக வேண்டும். 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர் மட்டுமே மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியும். இந்த அங்கீகாரம் இரண்டு படிகளில் வருகிறது. முதலில் படிப்பை நடத்த அனுமதி கிடைக்கும். முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர் அணி இறுதித் தேர்வு எழுதும் கட்டத்தில், அந்தப் பட்டத்தைப் பதிவுக்கு உரியதாக ஏற்கும் 12-ஆம் பிரிவின் ஒப்புதலைத் தனியாகப் பெற வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பில் ஓர் அணிகூட வெளியேறாத கல்லூரிக்கு இரண்டாவது ஒப்புதல் இன்னும் வந்திருக்க வாய்ப்பில்லை. புதிய கல்லூரிகளுக்கு ஐந்து ஆண்டுகள் தடை என்று கவுன்சில் 2019-இல் முடிவு செய்தது. உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்ததை உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் உறுதிப்படுத்தியது. அதன் பிறகு தொடங்கிய கல்லூரிகளில் நல்லவையும் உண்டு, ஒரே கட்டடத்துக்கு இரண்டு பெயர்ப்பலகை மாட்டியவையும் உண்டு. முகவர் காட்டும் கையேட்டை ஒதுக்கிவிட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாக உள்ள பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர், படிப்பு, எந்தக் கல்வியாண்டு வரை ஒப்புதல், எத்தனை இடங்கள் என்ற நான்கையும் நீங்களே பாருங்கள். இடங்களின் எண்ணிக்கை மிக முக்கியம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சேர்க்கப்பட்டவர் கட்டணம் கட்டி, தேர்வெழுதித் தேறினாலும் பதிவு செய்யும் நேரத்தில் சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

இனி, பி.பார்மா பார்ம்.டி.யா என்ற கேள்வி. இதை முகவரிடம் விட்டுவிடாமல் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். பி.பார்ம் நான்கு ஆண்டு. மருந்து தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, மருந்து ஆய்வாளர் தேர்வு, எம்.பார்ம் ஆகியவற்றுக்கு இதுவே நேர்வழி. பார்ம்.டி. ஆறு ஆண்டு, 2008-இல் இந்தியாவில் அறிமுகமான படிப்பு. கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. நோயாளியின் படுக்கையருகே நின்று, எழுதப்பட்ட மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, அளவு சரிதானா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லும் வேலையில் ஆர்வம் உள்ளவருக்கு அது அருமையான படிப்பு. டாக்டர் என்ற அடைமொழிக்காகச் சேர்பவருக்கு அது நீண்ட ஏமாற்றம். பார்ம்.டி. முடித்தவர் நோயாளிக்குத் தாமே மருந்து எழுதித்தர முடியாது. அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கென்று தனிப் பணியிடங்களும் பெரிதாக உருவாகவில்லை. வேலைகள் இருப்பது பெரிய தனியார் மருத்துவமனைகளிலும், மருந்தின் பக்கவிளைவுகளைத் தொகுத்து ஆராயும் நிறுவனங்களிலும், மருத்துவ ஆய்வு நிறுவனங்களிலும்தான். முடிவெடுக்கத் தயக்கம் இருந்தால் பி.பார்மில் சேரட்டும். பட்டம் பெற்ற பிறகும் மருத்துவமனைப் பக்கமே மனம் போனால், பி.பார்ம் முடித்தவர்களுக்கென்றே உள்ள மூன்று ஆண்டு பார்ம்.டி.யில் சேரலாம்; மொத்தத்தில் ஓர் ஆண்டுதான் கூடுதல்.

பார்ம்.டி.யே வேண்டும் என்றால், கல்லூரியைவிட மருத்துவமனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இணைப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மருத்துவமனை கல்லூரியிலிருந்து எவ்வளவு தொலைவு, படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, மாணவர்களை வார்டுக்குள் மருத்துவர்கள் விடுகிறார்களா என்பதை நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். பி.பார்ம் என்றால் வேறு கேள்விகள். ஆறாம் பருவத்துக்குப் பின் 150 மணி நேரத் தொழிற்பயிற்சி கட்டாயம். சென்ற ஆண்டு மாணவர்கள் அதை எந்த நிறுவனத்தில் செய்தார்கள்? மாத்திரை அழுத்தும் இயந்திரம் ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா? ஆசிரியர்கள் அன்றாடம் வருகிறார்களா, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் வருகிறார்களா? முன் வாசலில் வைத்திருக்கும் வேலைவாய்ப்புப் பதாகையை நம்புவதற்கு முன், அதில் உள்ள வேலைகளில் எத்தனை மருந்துத் துறையைச் சேர்ந்தவை, எத்தனை மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) என்று எண்ணிப் பாருங்கள். கோடிங் கௌரவமான வேலைதான். ஆனால் அதற்காக நான்கு ஆண்டு மருந்தியல் படிக்க வேண்டியதில்லை.

விருப்பப் பட்டியலில் மதுரை மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் கல்லூரியை முதலில் வையுங்கள், சென்னை மருத்துவக் கல்லூரியை அடுத்து வையுங்கள். கட்டணம் மிகக் குறைவு, பெரிய அரசு மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டடம் பழையது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: டி.பார்ம் என்ற மருந்தியல் பட்டயப் படிப்பை முடித்து, பதிவும் செய்து, ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். பி.பார்மில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்கிறார்கள். வேலையை விடாமல் படிக்க முடியுமா? என் சான்றிதழைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனால் மாதம் ஒரு தொகை தருவதாக முதலாளி சொல்கிறார்.
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: இரண்டாம் ஆண்டில், அதாவது மூன்றாம் பருவத்தில் சேரலாம். டி.பார்ம் படித்த கல்லூரியும் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். முதலாண்டில் மற்றவர்கள் படித்துவிட்ட தகவல் தொடர்புத் திறன், மருந்தியலில் கணினிப் பயன்பாடு என்ற இரண்டு பாடங்களை மட்டும் நீங்கள் கூடுதலாகப் படித்துத் தேற வேண்டியிருக்கும். வேலையை விடாமல் என்பது நடக்காது. பி.பார்ம் முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் 80 விழுக்காடு வருகை கேட்கிறார்கள். வருகையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று உறுதி தரும் கல்லூரி இருந்தால், அதில் சேராமல் இருப்பதற்கு அந்த உறுதியே போதுமான காரணம். மாலையில் சில மணி நேரம் கடையில் நிற்பது உங்கள் உடம்பைப் பொறுத்தது.

சான்றிதழைக் கடையில் விட்டுப் போவது பற்றி ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்காமலே செய்கிறார்கள். மருத்துவர் எழுதிய சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும் என்று மருந்தியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் உங்கள் பெயரில் வேறொருவர் மருந்து கொடுத்து நோயாளிக்குக் கேடு வந்தால், விசாரணை உங்களையும் தேடி வரும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் மாநிலக் கவுன்சிலுக்கு உண்டு. மூன்று ஆண்டுகள் உழைத்துப் பெறப்போகும் பட்டத்துக்குப் பயன் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. வேலையை விடும் நாளில் கடையின் உரிமத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி எழுத்து மூலம் கொடுத்து, அதன் நகலை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உள்ளூர் அலுவலகத்திலும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: மகனை அமெரிக்காவில் மருந்தாளுநராக்க விரும்புகிறோம். இங்கே பி.பார்ம் படித்துவிட்டுப் போகலாமா, அங்கேயே படிப்பது நல்லதா?
– ஒரு தந்தை, கோவை

பதில்: இங்கே நான்கு ஆண்டு பி.பார்ம் மட்டும் படித்து அங்கே உரிமம் கேட்க முடியாது. வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க மருந்தியல் வாரியங்களின் தேசிய சங்கம், 2003-க்குப் பின் பட்டம் பெற்றவர்களிடம் குறைந்தது ஐந்து ஆண்டுப் பாடத்திட்டத்தை எதிர்பார்க்கிறது. ஆறு ஆண்டு பார்ம்.டி. படித்தவர் அந்த நிபந்தனையை நிறைவு செய்வார். அதன் பிறகு தகுதித் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, மாநிலம் விதிக்கும் பயிற்சி மணி நேரங்கள், உரிமத் தேர்வு என்று வரிசையாக இருக்கின்றன. அங்கேயே படிப்பதென்றால், தேவையான கல்லூரிப் பாடங்களை முன்னதாக முடித்துவிட்டு, பொதுவாக நான்கு ஆண்டு பார்ம்.டி.யில் சேர வேண்டும்; பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பார்ம்காஸ் என்ற ஒரே விண்ணப்ப முறை உண்டு. பிகேட் என்ற நுழைவுத்தேர்வு 2024 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பயிற்சி தருவதாக யாராவது பணம் கேட்டால் தவிர்த்துவிடுங்கள். கல்லூரி, அங்கே மருந்தியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிபிஇ அமைப்பின் முழு அங்கீகாரம் பெற்றதா, இன்னும் தகுதிகாண் நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். செலவு பல மடங்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வேலை விசா கிடைப்பதைப் படிப்பு உறுதி செய்யாது என்பதையும் கடன் வாங்குவதற்கு முன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படிக்கவில்லை, கணிதமும் கணினி அறிவியலும்தான். பி.பார்மில் சேர முடியுமா?
– ஒரு மாணவி, சேலம்

பதில்: முடியும். இயற்பியல், வேதியியலோடு கணிதம் அல்லது உயிரியல் இருந்தால் போதும். உயிரியல் படிக்காதவர்களுக்கு முதல் பருவத்தில் அடிப்படை உயிரியல் என்ற பாடம் தனியாக உண்டு, கணிதம் படிக்காதவர்களுக்குக் கணிதம் இருப்பதுபோல. அதே பருவத்தில் உடற்கூறும் உடலியங்கியலும் தொடங்கிவிடும் என்பதால், சேர்க்கைக்குக் காத்திருக்கும் நாட்களில் பிளஸ் ஒன் விலங்கியல் பாடநூலில் மனித உடலைப் பற்றிய பாடங்களைப் படித்துவிடுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.