18 வயதில் தேர்வாகாத தற்காப்பு வீரருக்கு ஐஸ் ஹாக்கியில் வழி உண்டா?

ஐஸ் ஹாக்கியில் ஒரு தற்காப்பு வீரர் தொழில்முறை ஆட்டக்காரராக உயரும் பாதை எது, வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 18 வயதில் எந்த அணியும் எடுக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகன் கனடாவில் ஏழு வயது முதல் இந்த இடத்தில் ஆடி வருபவன். அவனை விடியற்காலைப் பயிற்சிகளுக்குப் பல ஆண்டுகள் அழைத்துச் சென்றவன் என்ற முறையில், நேரில் கண்டதையும் படித்தறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முடிந்துவிடாது என்பதே என் பதில். தற்காப்பு வீரரைப் பற்றி 18 வயதில் சொல்லப்படும் தீர்ப்பு, முன்கள வீரரைப் பற்றிய தீர்ப்பைவிட அடிக்கடி பொய்த்துப்போகிறது. அதற்கான காரணம் அந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது.

முன்கள வீரருக்கு ஆட்டம் கண்ணுக்கு எதிரே விரிகிறது. தற்காப்பு வீரருக்கோ பல நேரங்களில் அது முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. எதிரணியினர் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டை) இவருடைய கோலுக்குப் பின்னுள்ள மூலைக்கு அடித்துவிட்டு வேகமாகத் துரத்தி வருவார்கள். இவர் திரும்பி, தடுப்புப் பலகையை நோக்கிச் சறுக்கிச் சென்று, வருகிறவர் மோதுவதற்குள் பக்கை எடுத்து, அதை யாருக்குத் தருவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். அக்கா மகனுக்கு 13 வயதானபோது இருந்த பயிற்சியாளர் இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருந்தார். பக்கை மூலைக்குத் தள்ளிவிட்டு, தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே நின்று, கையுறையைக் கழற்றி விரல்களை உயர்த்திக் காட்டுவார். பையன் பக்கைத் தொடுவதற்கு முன் இருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, இரண்டு முறையும் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதல் பார்வைக்கும் இரண்டாம் பார்வைக்கும் இடையில் அவர் எண்ணிக்கையை மாற்றியிருப்பார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் இரண்டாவது எண்ணைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தான். 17 வயதில்தான், யாரும் நினைவூட்டாமல், தானே அறியாமல், ஆட்டத்தின் நடுவே இருமுறை திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். ஒரே ஒரு பழக்கம் உடம்பில் ஊறுவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. பின்னோக்கிச் சறுக்கியபடியே தாக்க வருபவரோடு சரியான இடைவெளியைக் காப்பது, அவருடைய கையில் ஆடும் பக்கைப் பார்த்து ஏமாறாமல் மார்பைப் பார்ப்பது, எப்போது துணிந்து முன்னேறலாம் என்று கணிப்பது எல்லாம் இப்படித்தான் மெல்ல மெல்லப் படிகின்றன.

சிறுவயதில் அவசரம் வேண்டாம் என்பதை விதிகளும் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டன. 11, 12 வயதுப் பிரிவில் உடலால் மோதித் தடுக்கும் பாடி செக்கை அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2011இலும் கனடிய அமைப்பு 2013இலும் விலக்கின. காயத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் மோத முடியாத பையன் தாக்க வருபவரை ஓரத்துக்கு ஒதுக்கும் கோணத்தையும் மட்டையை வைக்கும் இடத்தையும் முதலில் கற்றாக வேண்டியிருப்பதால், தற்காப்பு வீரர்களுக்கு இது பெரிய நன்மை என்பது என் கருத்து.

கனடாவில் முதல் பெரிய முடிவு 15, 16 வயதில் வருகிறது. ஒன்டாரியோ, மேற்குப் பகுதி, கியூபெக் மற்றும் கடலோர மாகாணங்கள் ஆகியவற்றுக்கான மூன்று ஜூனியர் லீகுகள் சி.எச்.எல். என்ற ஒரே குடையின் கீழ் இயங்குகின்றன. தேர்வாகும் பையன் வீட்டை விட்டுப் போய், அணி ஏற்பாடு செய்யும் வேறொரு குடும்பத்துடன் தங்கி, அங்கேயே பள்ளியில் படித்துக்கொண்டு ஆடுகிறான். இன்னொரு பாதை அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கி. சி.எச்.எல். ஆட்டக்காரர்களைத் தொழில்முறையாளர்களாகக் கருதி அந்தப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் சேர்க்காமலிருந்தன. ஆகவே 16 வயதுப் பையன் ஒரு பாதையைத் தேர்ந்தால் மற்றொன்று அடைபட்டுப்போகும். 2024 நவம்பரில் அந்த விதி மாற்றப்பட்டு, 2025 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. ஜூனியரில் 20 வயது வரை ஆடிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மேலும் சில ஆண்டுகள் முதிரலாம் என்ற வாய்ப்பு, மெதுவாக வளரும் தற்காப்பு வீரருக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை என்று கருதுகிறேன்.

இனி டிராஃப்ட். 32 அணிகள், ஏழு சுற்றுகள். 53, 54, 56 என்ற மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1989இல் 53ஆவதாக டெட்ராய்ட் எடுத்தவர் ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். 2002இல் 54ஆவதாகச் சிகாகோ எடுத்தவர் டங்கன் கீத். 1996இல் 56ஆவதாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ ஹாரா. மூவருமே இன்று ஹாக்கிப் புகழ் மன்றத்தில் இருக்கிறார்கள். லிட்ஸ்ட்ரோம் உடனே அமெரிக்கா போகவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் வெஸ்டெரோஸ் அணியிலேயே ஆடிவிட்டு 21 வயதில் டெட்ராய்ட் சென்றார். அதன்பின் 20 பருவங்கள், 1,564 ஆட்டங்கள், என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பை நான்கு முறை, சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் கோப்பை ஏழு முறை. ஏழாவது கோப்பையை 2011இல் வென்றபோது அவருக்கு வயது 41. அவர் ஆடிய பழைய ஆட்டங்களின் பதிவுகளை நான் மீண்டும் மீண்டும் பார்ப்பதுண்டு. பாய்ந்து மோதும் காட்சிகள் அவற்றில் மிகக் குறைவு. எதிராளி போக நினைக்கும் இடத்தில் அவருடைய மட்டை முன்கூட்டியே கிடக்கும், அவ்வளவுதான்.

கீத் சிகாகோவுக்கு நேராகப் போகவில்லை. என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல்.லில் நார்ஃபோக் அணிக்காக இரண்டு பருவங்கள் ஆடினார். இந்தப் படியைப் பலரும் தோல்வியாகக் கருதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நீண்ட பேருந்துப் பயணங்களும் சிறிய அரங்குகளும் கொண்ட அந்த ஆண்டுகளில்தான் தற்காப்பு வீரர் ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேலாகக் களத்தில் நிற்கவும், தவறு செய்து திருத்திக்கொள்ளவும் இடம் கிடைக்கிறது. சம்பளம்தான் வலிக்கும். தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் இருவழி ஒப்பந்தம். மேலே ஆடினால் ஒரு தொகை, கீழே ஆடினால் அதில் ஒரு சிறு பங்கு. என்.எச்.எல்.லில் 2025-26 பருவத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,75,000 டாலர் என்னும்போது அந்த வித்தியாசத்தை நீங்களே ஊகிக்கலாம். கீத் 2005இல் மேலே வந்த வேளையும் பொருத்தமாக அமைந்தது. அந்த ஆண்டு முதல் எதிராளியைப் பிடித்து இழுத்துத் தாமதப்படுத்துவதை நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸும் அனுமதிக்கப்பட்டது. பருத்த உடலைவிட விரைவான கால்களுக்கும் நல்ல முதல் பாஸுக்கும் மதிப்பு உயர்ந்தது. அவர் இரண்டு நோரிஸ் கோப்பைகளையும் மூன்று ஸ்டான்லி கோப்பைகளையும் வென்றார்.

பெரும்பாலான அணிகள் ஓர் ஆட்டத்துக்கு ஆறு தற்காப்பு வீரர்களை மூன்று இணைகளாகக் களமிறக்குகின்றன. இடக்கைப் பக்கமாக மட்டை பிடிப்பவர்களே அதிகம். பயிற்சியாளர்களோ ஒவ்வோர் இணையிலும் இடமும் வலமுமாக இருப்பதை விரும்புகிறார்கள். எனவே வலக்கைப் பக்கமாக மட்டை பிடிக்கும் தற்காப்பு வீரருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. ஐந்து வயதில் குழந்தை மட்டையை எப்படித் தூக்கியது என்பது இருபதாண்டுகளுக்குப் பிறகு வேலைவாய்ப்பைத் தொடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

விரைவாக மலர்ந்தவர்களும் இல்லாமலில்லை. பாபி ஓர் 14 வயதில் ஒஷாவா ஜூனியர் அணியிலும் 18 வயதில் பாஸ்டனிலும் ஆடினார். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு நோரிஸ் கோப்பைகள். தற்காப்பு வீரராக இருந்துகொண்டே லீகில் அதிகப் புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்ந்த கணக்கு) பெற்றவராக இருமுறை முடித்தார். ஆனால் முழங்கால் விட்டுக்கொடுத்ததால் 30 வயதில் விடைபெற நேர்ந்தது. கேல் மக்கார் 2017இல் நான்காவதாகத் தேர்வான பிறகும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடிய பின்னரே கொலராடோவுக்கு வந்தார். உச்சியில் தேர்வானவரே காத்திருந்திருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி. முதல் ஆண்டில் எடுக்கப்படாத வட அமெரிக்க வீரரை 19, 20 வயதுகளிலும் டிராஃப்டில் எடுக்கலாம். அப்போதும் யாரும் எடுக்கவில்லையென்றால் அவர் எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யலாம். தற்காப்பில் ஆள் குறைந்த அணியைத் தாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஐந்தாம் ஆறாம் சுற்றில் தேர்வானவருக்குக்கூடக் கிடையாது. குள்ளமானவர் என்று ஒதுக்கப்பட்ட டோரி க்ரூக், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் இவ்வாறுதான் பாஸ்டனில் சேர்ந்தார். மார்க் ஜியோர்டானோவின் கதை இன்னும் நீண்டது. டிராஃப்டில் எடுக்கப்படாமல் கால்கரி அணியில் சேர்ந்து, ஏ.எச்.எல்.லில் ஆடி, 2007-08இல் மாஸ்கோவின் டைனமோ அணிக்குப் போய், திரும்பி வந்து, கால்கரியின் கேப்டனாகி, 2019இல் 35 வயதில் நோரிஸ் கோப்பையைப் பெற்றார். ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி லீகுகளிலும் தற்காப்பு வீரர்கள் கௌரவமாகப் பிழைக்கிறார்கள்.

என் அக்கா மகனை எந்த என்.எச்.எல். அணியும் எடுக்கவில்லை. 20 வயது வரை சி.எச்.எல். ஜூனியர் அணியில் ஆடினான். ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்விக் கட்டணம் என்ற ஏற்பாட்டின்படி இப்போது கனடாவிலேயே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அதன் அணிக்காக ஆடுகிறான். சென்ற பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். மூலைக்கு வந்த பக்கை நோக்கிச் சென்றவன் இருமுறை திரும்பிப் பார்த்தான். இடப்பக்கம் போகிறவன் போல் தோளை மட்டும் சாய்த்து, துரத்தி வந்தவர் அந்தப் பக்கம் சரிந்ததும், கோலுக்குப் பின்னால் வலமாகச் சுற்றி வந்து நடுவில் நின்ற தோழனுக்குப் பக்கைத் தந்தான். அரங்கில் யாரும் கை தட்டவில்லை. அடுத்த வாரம் ஓர் ஐரோப்பிய அணியிலிருந்து அவனைப் பார்க்க ஒருவர் வரவிருப்பதாக அன்றிரவு சொன்னான். அவனுக்கு அப்போது வயது 23.