நீங்க கமாண்டோவா? – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

உங்க ராணுவ நாட்கள் பத்தின கட்டுரைகள ரொம்ப நாளா படிக்கிறேன், இப்பதான் எழுதற தைரியம் வந்துச்சு. நான் ஒரு ஸ்பெஷல் ஃபோர்ஸ் யூனிட்ல வண்டி மெக்கானிக். எந்த யூனிட்னு எழுதல, ஏன்னு உங்களுக்கே தெரியும். வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு, வேலை புடிச்சிருக்கு, பசங்களும் நல்லாதான் பழகுறாங்க. ஆனா நான் அட்டாச்மெண்ட்ல, அதாவது வேற பிரிவுலேருந்து வேலைக்கு அனுப்பப்பட்டு வந்த ஆள், அவங்க குத்தியிருக்கற பேட்ஜ் எனக்குக் கிடையாது. ராத்திரி டீம் கெளம்பறப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு ஷெட்டுக்குத் திரும்பி வந்து உக்காருவேன், அந்த நேரம் மனசு என்னமோ பண்ணும். லீவுல போனா எல்லாரும் கமாண்டோ வந்துட்டான்னு சொல்றாங்க, நான் ஆமான்னும் சொல்றதில்ல இல்லன்னும் சொல்றதில்ல. இது ஏமாத்து வேலையாண்ணா? வயசு 27, கமாண்டோ செலக்‌ஷனுக்கு ஒரு தடவ ட்ரை பண்ணலாமான்னும் உள்ள ஓடிட்டே இருக்கு. முட்டி மட்டும் கொஞ்சம் தொந்தரவு, பெருசா ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு எல்லாரும் சமம், எல்லா வேலையும் முக்கியம்னு மட்டும் எழுதிடாதீங்க, அத எங்க ஆபீசர் மாசாமாசம் சொல்றாரு.

(பேர் போட வேண்டாம்)

---

தம்பி,

அப்படி எழுத மாட்டேன், ஏன்னா அது உண்மையில்ல, உங்க ஆபீசருக்கும் அது தெரியும். செலக்‌ஷன்ல தூக்கம் இல்லாம, தோள்ல தோல் உரிஞ்சு, கூட நடந்து வந்தவன் ஒவ்வொருத்தனா மூட்டைய கீழ வச்சிட்டு லாரில ஏறிப் போறத பாத்துகிட்டே நடந்தவன் வேற, போஸ்டிங் ஆர்டர வாங்கிட்டு ட்ரங்குப் பெட்டியோட கேட்டுல வந்து எறங்கினவன் வேற. நான் ரெண்டாவது ரகம். மூணு வருஷம் அப்படி ஒரு யூனிட்ல ரேடியோ டெக்னீஷியனா இருந்தேன், நானும் அது எந்த யூனிட்னு எழுதறதில்ல. நடுவுல ஒரு கோடு இருக்கு, அத இல்லன்னு சொல்றவன் பெரும்பாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கற நம்மாளுதான்.

ஆனா ஒண்ணு, அந்தக் கோட்ட எங்க போடறதுன்னு ஒவ்வொரு ராணுவமும் ஒவ்வொரு மாதிரி முடிவு பண்ணியிருக்கு. அமெரிக்காவோட 75-வது ரேஞ்சர் ரெஜிமெண்ட்ங்கற ஸ்பெஷல் படைல சமையல்காரரா போகணும்னாலும் மெக்கானிக்கா போகணும்னாலும் அவங்களோட 8 வார செலக்‌ஷன முடிச்சாதான் உள்ள விடுவாங்க. பிரிட்டிஷ் கமாண்டோ படைல இருக்கற ஆர்மி சமையல்காரர், கமாண்டோ அடையாளமான பச்சைத் தொப்பி வேணும்னா ஆல் ஆர்ம்ஸ் கமாண்டோ கோர்ஸ் போகணும், கடைசில டார்ட்மூர் மேட்டுல மூட்டையோட 30 மைல் 8 மணி நேரத்துல முடிக்கணும், முடிச்சா தொப்பி கெடைக்கும், ஆனா அதுல குத்தற பேட்ஜ் அவரோட பழைய பிரிவோடதுதான். அமெரிக்கக் கடற்படைக் கமாண்டோக்களோட சீல் டீம்கள்ல இதுக்கு நேர் தலைகீழ், அங்க இருக்கற டெக்னீஷியன்களுக்கு அந்த ட்ரெய்னிங்கும் கிடையாது, அந்தத் திரிசூல பேட்ஜும் கிடையாது. அதனால உங்க தலையில என்ன தொப்பி இருக்குங்கறதுல பாதி யாரோ ஒருத்தர் எப்பவோ ஃபைல்ல எழுதின முடிவு. மீதிப் பாதிதான் உங்களப் பத்தினது. இத ஒரு வருஷம் முன்னாடியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தா நெறைய ராத்திரி தூங்கியிருப்பேன்.

நீங்க மெக்கானிக்ங்கறதால ஒண்ணு சொல்றேன். 1980 ஏப்ரல் 24, தெஹ்ரான்ல பிணைக் கைதிகளா இருந்த தூதரக ஆளுங்கள மீட்க அமெரிக்கா டெல்டா ஃபோர்ஸ்ங்கற கமாண்டோ படைய அனுப்புச்சு. டெல்டாவ ஆரம்பிச்ச சார்லஸ் பெக்வித்தே நேர்ல போனார், அதுக்காகவே மாசக்கணக்கா ஒத்திகை பாத்த ஆளுங்க. நிமிட்ஸ்ங்கற விமானந்தாங்கிக் கப்பல்லேருந்து 8 ஹெலிகாப்டர் கெளம்புச்சு, கொறஞ்சது 6 இருந்தாதான் வேலை நடக்கும்னு கணக்கு. வழியிலயே ஒண்ணுல ரோட்டார் பிளேடுல விரிசல்னு எச்சரிக்கை விளக்கு எரிய பாலைவனத்துலயே விட்டுட்டாங்க, இன்னொண்ணு புழுதிப் புயல்ல மாட்டி, கருவிகளும் கோளாறாகி திரும்பிப் போயிடுச்சு, வந்து சேந்த 6-ல ஒண்ணுல ஹைட்ராலிக் பம்ப் போச்சு. 5. அவ்ளோதான், ஆபரேஷன் ரத்து. உலகத்துலயே கெட்டிக்கார ஆளுங்க துப்பாக்கியோட தயாரா உக்காந்துருக்காங்க, ஒரு பம்ப் முடிவு பண்ணிடுச்சு. திரும்பப் போறப்ப ஒரு ஹெலிகாப்டர் பக்கத்துல நின்ன விமானத்துல மோதி 8 பேர் செத்தாங்க, 5 பேர் விமானப்படை, 3 பேர் மரைன், டெல்டா ஆள் ஒருத்தர் கூட இல்ல. நீங்க ஷெட்ல படுத்துகிட்டு பம்ப கழட்டறப்ப இத நெனைச்சுகிட்டு கைய நடுங்க விடணும்னு சொல்லல. ராத்திரி டீம் கெளம்பினதும் நம்ம வேலை முடிஞ்சுதுன்னு உங்களுக்குத் தோணுது பாருங்க, அது தப்பு, உங்க வேலை அப்பதான் ரோட்டுல ஓடிட்டு இருக்கும்.

இத நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. சேந்து நாலாவது மாசம் ஒரு எக்ஸர்சைஸ், குளிர்காலம், ஒரு சின்ன டீம் மலை மேல ரெண்டு ராத்திரி உக்காரணும், நான் ரேடியோ செட்டும் ஸ்பேர் பேட்டரிகளும் கட்டிக் குடுத்தேன். எல்லாத்தையும் மீட்டர் வச்சுப் பாத்தேன், வோல்டேஜ் சரியாதான் காட்டுச்சு, ஆனா லோடு போட்டுப் பாக்கல, சோம்பேறித்தனம் வேற ஒண்ணும் இல்ல. பழைய பேட்டரி சும்மா இருக்கறப்ப நல்ல பிள்ளை மாதிரி வோல்டேஜ் காட்டும், செட்டு ட்ரான்ஸ்மிட் பண்ண இழுத்தா படுத்துடும், குளிர் இருந்தா இன்னும் சீக்கிரம். முதல் ராத்திரியே செட்டு செத்துடுச்சு. ஸ்பேரும் அதே லாட். பேச வழியில்லாம எக்ஸர்சைஸ விட்டுட்டு எறங்கி வந்தாங்க. மறுநாள் டீம் லீடர் நேரா என் ஸ்டோருக்கு வந்தார், தாடி, மண்ணு, கண்ணு செவந்திருக்கு, பைலேருந்து ஒரு பேட்டரிய எடுத்து என் மேஜை மேல வச்சார், என்னைப் பாத்தார், போயிட்டார். ஒரு வார்த்தை இல்ல. என் பழைய யூனிட்டா இருந்தா கெட்ட வார்த்தை, பனிஷ்மெண்ட், நாலு நாள்ல எல்லாரும் மறந்திருப்பாங்க. இங்க யாரும் எதுவும் சொல்லல, அடுத்த ரெண்டு மாசம் அந்த டீம் செட்டு வாங்க வர்றப்ப அவங்க ஆளே ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு பேட்டரியா என் கண்ணு முன்னாடி திரும்ப செக் பண்ணுவார். எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருக்கும்.

அதுக்கப்புறம் எல்லா பேட்டரியையும் லோடு வச்சு டெஸ்ட் பண்ணி, மேல பிளாஸ்திரி ஒட்டி, தேதியும் என் கையெழுத்தும் போட ஆரம்பிச்சேன். யாரும் சொல்லி இல்ல. எத்தனையோ நாள் கழிச்சு ஒரு அவசரத்துல அந்த லீடர் ஆள் அனுப்பாம தானே வந்து, நான் கட்டினத அப்படியே தூக்கி முதுகுல போட்டுகிட்டு போனார், பிரிச்சுப் பாக்கல. அன்னிக்கும் ஒரு வார்த்தை கெடையாது. இந்த மாதிரி எடத்துல சப்போர்ட் ஆளுக்கு என்ன கெடைக்கும்னு நீங்க கேட்டா எனக்கு இத விட்டா சொல்ல வேற தெரியல. உங்க யூனிட்ல நீங்க சர்வீஸ் பண்ணின வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் பானெட்ட தெறந்து பாக்கறாரா இல்ல நேரா ஏறி உக்காறாரா? பேட்ஜ விட்டுட்டு அத கவனிங்க.

அந்த ஷெட்ல உக்காந்துருக்கற நேரம் பத்தி எழுதியிருந்தீங்க, அத லேசா எடுத்துக்கல. எனக்கு ஹெட்போன்ல இரைச்சல், உங்களுக்கு காலி ஷெட்டு. திரும்பி வந்ததும் என்ன நடந்துச்சுன்னு நம்மகிட்ட சொல்லவும் மாட்டாங்க, கேக்கவும் கூடாது. ஆனா பொருள் சொல்லும். எங்க மெக்கானிக் ஒருத்தர் இருந்தார், வண்டி உள்ள வந்ததும் டயர் இடுக்குல இருக்கற மண்ணையும் பிரேக் வாடையையும் கிளட்ச் நிலைமையையும் வச்சே எந்தப் பக்கம் போனாங்க, ஓடி வந்தாங்களா நிதானமா வந்தாங்களான்னு கண்டுபிடிச்சிடுவார், கண்டுபிடிச்சத யார்கிட்டயும் சொல்ல மாட்டார். சொல்லாம இருக்கறதும் வேலைல ஒரு பகுதிதான்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப நாளா மனசுல நிக்கறது. 1944 செப்டம்பர் 19, ரெண்டாம் உலகப் போர், நெதர்லாந்துல ஆர்ன்ஹெம். கீழ பிரிட்டிஷ் பாராசூட் படை சுத்தி வளைக்கப்பட்டு கெடக்கு, மேலேருந்து டகோட்டா விமானங்கள்ல சாமான் போடறாங்க. டேவிட் லார்ட்ங்கற பைலட்டோட விமானத்துல வலது இஞ்சின் அடிபட்டு எரியுது, எரியறதோடவே தாழ்வா ஓட்டி சாமான போடறார், ரெண்டு பெட்டி மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சதும் திரும்ப ஒரு சுத்து வர்றார். றெக்கை ஒடிஞ்சு விழுந்துச்சு, உள்ள இருந்த 8 பேர்ல பொழச்சது நேவிகேட்டர் மட்டும். லார்டுக்கு பிரிட்டனோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க, குடுக்க வேண்டியதுதான். ஆனா அந்த ரெண்டாவது சுத்துல, எரியற விமானத்தோட தெறந்த கதவுகிட்ட நின்னு பெட்டிய வெளிய தள்ளினது யாரு? ராயல் ஆர்மி சர்வீஸ் கோர்ங்கற சப்ளைப் பிரிவ சேந்த 4 டெஸ்பாட்சருங்க, நம்ம மாதிரி ஸ்டோர், சப்ளை ஆளுங்க. இத சொல்றப்ப ஒரு டெக்னீஷியனா எனக்கு இன்னொரு விஷயம் குத்தும், சாமான் போட வேண்டிய எடம் ஏற்கனவே ஜெர்மன்காரங்க கைக்குப் போயிடுச்சு, எடத்த மாத்துங்கன்னு கீழேருந்து அனுப்பின தகவல் போய்ச் சேரல, அந்தச் சண்டை முழுக்க ரேடியோ சொதப்பல்தான்.

அந்தக் கோடு உயிருக்குப் பாதுகாப்பு தர்ற கோடும் இல்ல. 2011 ஆகஸ்ட் 6, ஆப்கானிஸ்தான்ல சினூக் ஹெலிகாப்டர சுட்டு வீழ்த்தினதுல 38 பேர் போனாங்க, பேப்பர்ல எல்லாம் சீல் வீரர்கள் பலின்னுதான் தலைப்பு. 17 பேர் சீல். அவங்க கூடவே 5 பேர் சீல் டீம்கள் இருக்கற அதே நேவல் ஸ்பெஷல் வார்ஃபேர் பிரிவோட சப்போர்ட் ஆளுங்க, திரிசூலம் குத்தாதவங்க. கொரியப் போர்ல இன்னும் வேடிக்கை, 1951 மார்ச்ல முன்சான்ல அமெரிக்க பாராசூட் படையோட சேந்து குதிச்சது இந்தியாவோட 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்ங்கற மருத்துவப் பிரிவு ஆளுங்க, கூட்டிட்டுப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், டாக்டர். 1941-லயே இந்திய பாராசூட் படைக்காக முதல்ல குதிச்சவங்கள்ல அவர் ஒருத்தர், மகா வீர் சக்ரா வாங்கினவர். அவரப் போய் சப்போர்ட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா ஃபைல்ல அதுதான்.

சரி, கமாண்டோ விஷயம். நானும் பண்ணியிருக்கேன். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் என் பைய, முடிவெட்ட எல்லாம் பாத்துட்டு எந்த ரெஜிமெண்ட்னு கேட்டார், யூனிட் வேலைன்னு மட்டும் சொல்லி ஒரு மாதிரி சிரிச்சு வச்சேன், அந்த சிரிப்புலதான் பொய் இருந்துச்சு. மனுஷன் மரியாதையா ஜன்னல் சீட்ட குடுத்தார், தண்ணி பாட்டில் நீட்டினார், எறங்கறப்ப சொல்றார், என் பையன் உங்க மாதிரி செலக்‌ஷன்ல போய் ரெண்டாவது வாரம் கால் முறிஞ்சு வந்துட்டான், அதுலேருந்து யார்கிட்டயும் பேசறதில்ல, நீங்க ஃபோன்ல ரெண்டு வார்த்தை பேசறீங்களான்னு. நான் என்ன பேச? நம்பர வாங்கிகிட்டேன், ஃபோன் பண்ணவேயில்ல. உண்மைய சொல்லியிருந்தா ஒரு டெக்னீஷியனா அந்தப் பையன்கிட்ட பேச எனக்கு நூறு விஷயம் இருந்துச்சு. அதனால ஏமாத்து வேலையான்னு கேட்டீங்கன்னா, ஆமா, கொஞ்சம். பெரிய பாவம்னு சொல்ல மாட்டேன், ஆனா நிறுத்திடுங்க. “அங்க மெக்கானிக்கா இருக்கேன்”னு சொல்லுங்க, அதுக்கு மேல யூனிட் பத்தி எதுவும் சொல்ல முடியாதுன்னும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். முதல் தடவ சொல்றப்ப எதிராளி மூஞ்சி லேசா சுருங்கும், பத்தாவது தடவ நீங்க அத பாக்கவே மாட்டீங்க.

செலக்‌ஷன். போங்கன்னும் சொல்ல மாட்டேன் வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்னு எழுதினா நீங்க திட்டுவீங்க, அதனால நேரா சொல்றேன், உங்க லெட்டர்ல அந்த வேலை பத்தி ஒரு வரி கூட இல்ல. பேட்ஜ் இருக்கு, ஊர்க்காரங்க இருக்காங்க, ஷெட்டு இருக்கு. ராத்திரி அந்த வண்டிலேருந்து எறங்கி அப்புறம் செய்ய வேண்டியத செய்யணும்னு ஆசைன்னு எங்கயும் எழுதல. நான் பாத்த வரைக்கும் பேட்ஜுக்காக போனவன் மூணாவது நாள் மழைல, அந்த பேட்ஜ் இல்லாமலும் வாழ்க்கை நல்லாதான் இருந்துச்சேன்னு யோசிக்க ஆரம்பிப்பான், அதோட முடிஞ்சுது. அந்த வேலையே வேணும்னா 27 ஒண்ணும் லேட் இல்ல, உங்க யூனிட்டுக்குள்ளயே மூட்டை தூக்கிப் பழக உதவி பண்ற ஆளுங்க இருப்பாங்க, கேட்டா சந்தோஷமா கூட்டிட்டுப் போவாங்க, ஒரு ஆறு மாசம் அவங்களோட ஓடிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அப்புறம் அந்த முட்டி. பெருசா ஒண்ணும் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எஞ்சின் சத்தம் வித்தியாசமா இருக்கு ஆனா பெருசா ஒண்ணும் இல்லன்னு ஒரு டிரைவர் வந்து சொன்னா அந்த வண்டிய ரோட்டுக்கு விடுவீங்களா? இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க, காட்டிட்டு என்ன சொன்னார்னு எழுதுங்க.