செப்புத் தகட்டில் கட்டிய ரோம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ரோம் கொலோசியத்தின் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஓரத்தில் ‘பிரானேசி’ என்று பெயர். இது அசலா, நகலா? – கோயம்புத்தூர் வாசகி

பதில்: பக்குவமாகச் சட்டத்தைக் கழற்றி, கறுப்பான ஒரு பகுதியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இக்கால இயந்திர அச்சான ஆஃப்செட்டில் அடித்த படம். சுவருக்கு அழகு, அவ்வளவுதான். கோடு கோடாக இருந்து, மை தாளின் மேல் லேசாக மேடிட்டு நின்றால் சந்தோஷப்படலாம். படத்தைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு அழுத்தத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செப்புத் தகடு தாளில் பதிந்த இடம் அது.

அப்புறம்தான் அடுத்த கேள்வி: எப்போது அடித்த பிரதி? ரோம் காட்சிகளைச் செப்புத் தகட்டில் பொறித்த இத்தாலியக் கலைஞர் ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி 1778-இல் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் அவருக்குப் பின்னும் இருந்தன. மகன் பிரான்செஸ்கோ 1799-இல் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அடித்தார்கள். பிறகு போப் அரசு விலைக்கு வாங்கி ரோமுக்கே திருப்பிக் கொண்டுவந்தது. எல்லாம் அதே தகடுகள்தான். ஆனால் அடிக்க அடிக்கச் செம்பு தேயும், மெல்லிய கோடுகள் முதலில் மங்கும்.

1761 முதல் பிரானேசி தன் வீட்டிலேயே கடை வைத்து விற்றார். அந்தக் காலத்துப் பிரதிகள் பலவற்றில் தொமாத்தி மாளிகை என்ற முகவரியும் ‘இரண்டரை பாவோலி’ (பாவோலி அன்றைய ரோம் நாணயம்) என்ற விலையும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பின்னாளில் பல தகடுகளில் இவற்றை அழித்துவிட்டார்கள். உங்கள் படத்தில் அந்த வரி இருந்து, அது ஆஃப்செட் படமாகவும் இல்லையென்றால், உடனே ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். தயவுசெய்து ஈரத் துணியால் மட்டும் துடைக்காதீர்கள்.

கேள்வி: பிரானேசியின் ‘சிறைகள்’ படங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். ஒரே படம் ஒரு பக்கத்தில் வெளிறியும் இன்னொரு பக்கத்தில் இருண்டும் இருக்கிறது. அச்சுக் கோளாறா? – மதுரை ஓவிய மாணவர்

பதில்: கோளாறே இல்லை. இரண்டும் அவர் செய்தவை, அதுவும் ஒரே தகட்டில். எட்சிங்கை, அதாவது தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் முறையை, பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

தகட்டில் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் வரைய வேண்டும். ஊசி பட்ட இடத்தில் செம்பு வெளியே தெரியும். அமிலத்தில் போட்டால் அந்த இடம் மட்டும் அரிக்கும். கொஞ்ச நேரம் அரித்தால் மெல்லிய கோடு. நிறைய நேரம் அரித்தால் ஆழம் கூடி, அதிக மை பிடித்துக் கறுப்பாக விழும். தூரத்து மேகம் வெளிறி இருக்கவேண்டுமென்றால் அதைச் சீக்கிரமே வார்னிஷ் வைத்து மூடிவிட்டு, முன்னால் இருக்கும் தூணை மட்டும் மறுபடி அமிலத்தில் இறக்க வேண்டும். இப்படிப் பல தடவை ஏற்றி இறக்குவதில் பிரானேசிக்கு நிகர் யாருமில்லை என்பது என் அபிப்பிராயம். இத்தனையும் இடவலம் மாறி வரும். அடியில் எழுதும் விளக்கத்தைக்கூடத் தகட்டில் இடவலம் மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும்.

கற்பனைச் சிறைக்கூடங்களைக் காட்டும் ‘சிறைகள்’ தொகுதி 1750-ஐ ஒட்டி 14 படங்களாக முதலில் வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். கோடுகள் பேனாவில் கிறுக்கியது போல வேகமாக, வெளிச்சமாக இருக்கும். 1761-இல் அந்தத் தகடுகளையே மறுபடி எடுத்தார். சில இடங்களைச் சுரண்டித் தேய்த்தார், மறுபடி பூச்சுப் போட்டார், முன்பைவிட ஆழமாக அரிக்கவிட்டார். புதிதாகப் படிக்கட்டுகள், பாலங்கள், கயிறுகள், முள் பதித்த சக்கரங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு புதுப் படங்களோடு மொத்தம் 16 ஆயிற்று. அந்தப் படிக்கட்டுகளில் ஒன்றைப் பிடித்து மேலே போய்ப் பாருங்கள். எங்கே முடிகிறது என்று தெரியாது. பின்னால் இருக்கவேண்டிய தூண் முன்னால் வந்து நிற்கும். தெரிந்தே செய்திருக்கிறார். இவ்வளவு நுட்பமாக அளவெடுக்கத் தெரிந்தவர் அப்படித் தவறவிட மாட்டார்.

உங்களுக்கு ஒரு யோசனை: இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்து, புதிதாகச் சேர்த்த கோடுகளை மட்டும் தனித் தாளில் வரைந்து பாருங்கள். வகுப்பில் கற்றுத்தர முடியாதது அதில் கிடைக்கும்.

கேள்வி: ரோமுக்குப் போய் வந்தேன். பிரானேசி காட்டிய பிரம்மாண்டம் நேரில் இல்லையே! பொய்யாகத்தான் வரைந்தாரா? – சென்னை வாசகர்

பதில்: உங்களுக்கு முன்னால் ஜெர்மன் கவிஞர் கதேவுக்கும் இதே ஏமாற்றம்தான். பிரானேசியின் படங்களில் பார்த்த ரோமானியக் குளியல் மண்டபங்கள் நேரில் அவருக்குத் திருப்தி தரவில்லை. பார்வையைத் தாழ்வான இடத்தில் வைப்பது, மனிதர்களைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்குவது, மூலைவாட்டாகக் கட்டடத்தைத் திருப்புவது என்று பிரானேசி பெரிதுபடுத்தியது உண்மை. ஆனால் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. 1756-இல் நான்கு தொகுதிகளாக வந்த ‘ரோமானியத் தொன்மைகள்’ நூலைப் பாருங்கள். கல்லை எப்படிக் கோத்தார்கள், எந்தக் கருவியால் தூக்கினார்கள், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் வெட்டிக் காட்டியிருப்பார். சில இடங்களில் அஸ்திவாரத்தையும் பெரிதாக்கிவிட்டார் என்பது வேறு விஷயம். அப்பா கல்தச்சர், தாய்மாமன் வெனிஸ் நகரின் நீர்நிலைத் துறையில் பொறியாளர். தண்ணீரில் நிற்கும் ஊரில் வளர்ந்த பையனுக்கு, மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதானே முதலில் தோன்றும்?

கேள்வி: ‘ரோமானியத் தொன்மைகள்’ போன்ற இவ்வளவு பெரிய நூலுக்குப் பணம் கொடுத்தது யார்? – திருச்சி வாசகர்

பதில்: கொடுப்பதாக வாக்களித்தவர் அயர்லாந்துப் பிரபு சார்ல்மான்ட். ஒரு தொகுதி என்று தொடங்கியது நான்காக வளர்ந்தது, பணம் வரவில்லை. பிரானேசி சமர்ப்பணப் பக்கத்தின் தகட்டை எடுத்துப் பிரபுவின் பெயரை அழித்தார். விழுந்துபோன சக்கரவர்த்திகளின் பெயரைக் கல்வெட்டிலிருந்து கொத்தி எடுப்பது பழைய ரோமானிய வழக்கம். அதையே செம்பில் செய்துகாட்டினார். 1757-இல் தன் பக்க நியாயத்தைக் கடிதங்களாகவும் அச்சிட்டார். கலைஞனின் உழைப்பை மதிக்காதவருக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது.

கேள்வி: தன்னை ‘வெனிஸ் கட்டடக் கலைஞர்’ என்று கையெழுத்திட்டாராமே. என்னதான் கட்டினார்? – கும்பகோணம் வாசகி

பதில்: ஒன்றே ஒன்று. ரோமின் அவென்டைன் குன்றில் மால்டா வீரர் சபை என்ற கத்தோலிக்க அமைப்புக்குச் சொந்தமான சாந்தா மரியா தேவாலயம். 1764 முதல் 1766 வரை அதைப் புதுப்பித்து, முன்னால் உள்ள சதுக்கத்தையும் அமைத்தார். அவர் சமாதியும் அங்கேதான். அந்தச் சபையின் வாயில் கதவுச் சாவித்துவாரம் வழியாகப் புனித பேதுரு ஆலயக் குவிமாடம் தெரியும் என்று கூட்டம் வரிசையில் நிற்கும். நீங்கள் போனால், வரிசையில் நிற்கும் நேரத்தில் சதுக்கத்து மதிலைத் திரும்பிப் பாருங்கள். சின்னச் சின்ன ஸ்தூபிகளும் ஆயுதச் சிற்பங்களும் நிற்கின்றன. அவை பிரானேசி வடிவமைத்தவை. தேவாலயத்துக்குள் போக முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.